விற்பவர் இல்லாத வகுப்பு: வன்னிப் பாடசாலைகளில் காசுக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி

காசைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒரு பாடசாலை நினைத்த உடனே உதவிக்கு வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் காசை வைத்துத் தொழில் செய்பவர்கள்தான். வங்கிக் கிளை உண்டியல் தரும். லீசிங் கம்பனி பரிசளிப்பு விழாவுக்குப் பதாகை கட்டும். காப்புறுதிக் கம்பனி அட்டையில் தன் பெயரைப் போட்டுக் கொப்பி அச்சடித்துத் தரும். எல்லாம் இலவசம். ஆனால் "இதைவிடக் கூட வட்டி வேறெங்கே கிடைக்கும்?", "இந்தக் கடனை எடுக்காமலே விட்டால் என்ன?" என்ற இரண்டு கேள்விகளும் அந்த வகுப்பில் ஒருநாளும் எழாது. வன்னியில் ஒரு பிள்ளை படிக்கவேண்டியது அந்த இரண்டையும்தான்.

இந்த வழிகாட்டி தரம் 9 முதல் 11 வரை படிப்பிக்கும் புதிய ஆசிரியர்களுக்கும், ஊரில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்கும் ஆனது. எட்டுப் பாடவேளை போதும். சாதாரணதரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்கள் மிகவும் பொருத்தமானவை. அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், லீசிங்கில் மோட்டார் சைக்கிள் கேட்டு வீட்டில் சண்டை பிடிக்கிறார்கள்.

தொடங்குமுன் அதிபரிடம் பேசவேண்டியது

ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, அதிபரின் கையொப்பத்தோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது. அதிபர் மாறினால், அல்லது கிளை முகாமையாளர் ஒருவர் வந்து வற்புறுத்தினால் அந்தக் காகிதம்தான் துணை. அதில் இருக்கவேண்டியவை:

1. பாடத்தாளில், பதாகையில், பரிசில் எந்த நிறுவனத்தின் பெயரும் இலச்சினையும் இராது.
2. வகுப்பில் கணக்குத் திறக்கும் படிவம், காப்புறுதிப் படிவம் எதுவும் கொடுக்கப்படாது.
3. மாணவர், பெற்றோரின் தொலைபேசி இலக்கம் எவருக்கும் திரட்டிக் கொடுக்கப்படாது.
4. படிப்பிப்பவர் எந்த நிதி நிறுவனத்திலும் தரகுப் பணம் பெறுபவராக இருக்கக்கூடாது.

நான்காவதை வாசித்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். பகுதிநேரமாகக் காப்புறுதி முகவராக இருக்கும் ஆசிரியர்கள் எங்கள் பக்கத்தில் குறைவில்லை. அது குற்றமல்ல. ஆனால் அவர் வேறு பாடம் எடுக்கட்டும். பிள்ளைக்குச் சொல்வது பின்னேரம் தாயின் வாசலில் விற்பனையாக மாறும் என்ற சந்தேகம் ஒருமுறை வந்தால், பிறகு அந்த வகுப்பில் எதைச் சொன்னாலும் எடுபடாது.

விளையாட்டுப் போட்டிக்கு ஒரு நிறுவனம் உதவி செய்கிறதென்றால் அது வேறு விடயம். அதையும் இதையும் ஒரே கடிதத்தில் சேர்க்க விடாதீர்கள்.

பாடப்பொருள் ஊரிலேயே இருக்கிறது

அச்சடித்த புத்தகம் தேவையில்லை. கிழமைக் கடன் அட்டை, அடைவு ரசீது, லீசிங் தவணை அட்டவணை, சம்பளத் துண்டு, கடைக்காரரின் கடன் கொப்பியில் ஒரு பக்கம், மின்சாரப் பட்டியல் ஆகிய ஆறும் கிடைத்தால் பாடம் தயார்.

இவற்றைப் பிள்ளைகளிடம் கேட்கவேண்டாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் அல்லது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் சொன்னால், முடிந்துபோன பழைய கடன் அட்டைகளைத் தருவார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், கணக்கு இலக்கம், ஊர் எல்லாவற்றையும் கறுப்பு மாக்கரால் அழியுங்கள். கம்பனியின் பெயரையும் அழிக்கவேண்டும். பெயர் தெரிந்தால் வகுப்பு அந்தக் கம்பனிக்கு விளம்பரமாகவோ வழக்காகவோ போய்விடும், கணக்கு மறந்துவிடும். மாக்கர் பூசிய ஒற்றையை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் உள்ள எழுத்துத் தெரியும். அதனால் அதைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியையே மறுபடி பிரதி எடுத்து வகுப்புக்குக் கொடுங்கள். முப்பது பிள்ளைகளுக்கு முப்பது பிரதி வேண்டாம். ஐந்து பேருக்கு ஒன்று போதும். ஆளுக்கொன்று கொடுத்தால் தனித்தனியே பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள், ஒன்றைச் சுற்றி ஐந்து தலை குனிந்தால்தான் பேச்சு வரும்.

"உங்கள் வீட்டில் கடன் இருக்கா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கை உயர்த்தச் சொல்லவும் வேண்டாம். தாய் மட்டும் உழைத்து நடத்தும் வீடுகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. கடன் அறவிட வந்தவர் வாசலில் நின்று சத்தம் போட்டதைப் பார்த்த பிள்ளையும் அங்கே இருக்கும். 2009இல் சேமிப்பும் அடைவு நகையும் உறுதிப் பத்திரமும் போன ஊர்களில், "காசை வங்கியில் போடுங்கோ" என்பதுகூடச் சில வீடுகளில் வேறு விதமாகக் கேட்கும். அதனால் எல்லாக் கணக்குக்கும் ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்ளுங்கள்: இரணைமடுக் குளத்தின் கீழ் கொஞ்ச வயல், ஒரு பசு, மூன்று பிள்ளைகள்.

முதலில் நூற்றுக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு

ஊரில் "நூற்றுக்கு அஞ்சு வட்டி" என்றால் அது மாதத்துக்கு. வங்கியில் 18 சதவீதம் என்றால் அது வருடத்துக்கு. பிள்ளைகள் ஐந்தையும் பதினெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஐந்துதான் குறைவு என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஐந்தைப் பன்னிரண்டால் பெருக்கி 60 என்று பலகையில் எழுதுங்கள். இந்த ஒரு பெருக்கலுக்காக முழுப் பாடவேளை போனாலும் நட்டமில்லை.

அடுத்து போன். பிள்ளையின் முதற்கடன் பெரும்பாலும் கடன் ரீலோட்தான். 50 ரூபாய்க்கு 3 ரூபா கட்டணம், மூன்று நாளில் திரும்ப அறவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நாளைக்கு 6 சதவீதம். வருடத்தில் ஏறக்குறைய 122 மூன்று நாள்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 730 சதவீதம். வகுப்பு சிரிக்கும். உடனே, "3 ரூபாதானே, அதில் என்ன?" என்று யாராவது கேட்பார். கேட்கட்டும், அது சரியான கேள்வி. அவசரத்துக்கு ஒருதரம் என்றால் 3 ரூபா பெரிதில்லை. கிழமைக்கு இரண்டுதரம் என்றால் வருடத்துக்கு 312 ரூபா. வீதம் ஒன்றைச் சொல்கிறது, தொகை இன்னொன்றைச் சொல்கிறது, இரண்டையும் பார்க்கப் பழக்குங்கள்.

கிழமைக் கடன்

நுண்நிதிக் கம்பனிகள் கொடுத்துக் கிழமைக்கொருதரம் அறவிடும் இந்தக் கடனுக்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். எட்டில் மிக முக்கியமானது இதுதான்.

பலகையில் எழுதுங்கள்: கடன் 50,000 ரூபா. கிழமைக்கு 1,200 ரூபா வீதம் 52 கிழமை. மொத்தம் 62,400. வட்டி 12,400. எத்தனை சதவீதம்?

எல்லோரும் 12,400ஐ 50,000ஆல் பிரித்து 24.8 என்று சொல்லி, பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள். கடன் கொடுப்பவர் சொல்வதும் அதே எண்தான். இங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: 26ஆவது கிழமை கட்டி முடிந்தபிறகு அந்த அம்மாவின் கையில் இருக்கிற கடன் எவ்வளவு? பாதி, 25,000. கடைசிக் கிழமையில்? ஆயிரத்துக்கும் குறைவு. ஆனால் வட்டி 52 கிழமையும் ஐம்பதாயிரத்துக்கே போடப்பட்டிருக்கிறது.

உண்மை வீதத்தைக் கண்டுபிடிக்கப் புதிய சூத்திரம் தேவையில்லை. தரம் 11 கணிதத்தில் குறைந்துசெல்லும் மீதிக் கடனுக்கு வரும் மாத அலகு முறையையே எடுத்து, மாதத்துக்குப் பதிலாகக் கிழமை போடுங்கள்.

ஒரு கிழமைக்குரிய முதல்: 50,000 ÷ 52 = 961.54 ரூபா.
கிழமை அலகுகள் (முதற்கிழமை கையில் 52 பங்கு கடன், அடுத்த கிழமை 51, கடைசிக் கிழமை 1, எல்லாவற்றையும் கூட்டினால்): 52 × 53 ÷ 2 = 1,378.
ஓர் அலகுக்கு வட்டி: 12,400 ÷ 1,378 = 9.00 ரூபா.
ஒரு கிழமைக்கு வீதம்: 9.00 ÷ 961.54 = 0.936 சதவீதம்.
வருடத்துக்கு: 52ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 48.7 சதவீதம்.

சொன்னது 24.8, உண்மையில் அதன் ஏறக்குறைய இரு மடங்கு. கணினி அறை இருந்தால் எக்செலில் ரேட் என்ற சார்பைப் போட்டு (52, -1200, 50000) வரும் விடையை 52ஆல் பெருக்கிக் காட்டலாம். அது ஏறக்குறைய 45 தரும். மாத அலகு முறை முதல் சமமாகக் குறைவதாக எடுத்துக்கொள்வதால்தான் இந்தச் சிறு வித்தியாசம். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே முறையைப் பாவித்தால் போதும்.

பிறகு அட்டையின் மேல்மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆவணக் கட்டணம் 1,500 பிடித்திருந்தால் கையில் வந்தது 48,500தான். கட்டியது 62,400. வித்தியாசம் 13,900. சில இடங்களில் கட்டாயச் சேமிப்பு என்று இன்னும் கொஞ்சம் பிடிப்பார்கள். அது திரும்பி வரும் காசுதான் என்றாலும், கடன் முடியும்வரை கையில் இல்லாத காசு.

குழுப் பிணையையும் சொல்லவேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டவேண்டும், அதனால் அயலவரே அறவிடுபவராகிறார். ஒருவர் மூன்று, நான்கு நிறுவனங்களில் கடன் எடுத்து ஒன்றால் ஒன்றைக் கட்டியபோது வடக்குக் கிழக்கில் இது பெரும் பிரச்சினையானது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்நிதிக் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது. 2016ஆம் ஆண்டு 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற கம்பனிகளின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. பட்டியலைத் திறந்து ஒரு பெயரைத் தேடும் விதத்தைக் காட்டுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் கடன் மலிவு என்று பொருளல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

புளியங்கொட்டையில் ஒரு வருடம்

பாடப்புத்தகங்களில் வரும் குடும்ப வரவுசெலவு மாதச் சம்பளக்காரருக்கானது. வயல் வீட்டுக்கு அது பொருந்தாது. பன்னிரண்டு கட்டம் கீறுங்கள், ஐப்பசியில் தொடங்குங்கள். ஒரு புளியங்கொட்டை 5,000 ரூபா. பால் காசு மாதம் 2 கொட்டை. வீட்டுச் செலவு மாதம் 6. செய்கைச் செலவு கழித்துக் காலபோகத்தில் பங்குனியில் 36, சிறுபோகத்தில் புரட்டாசியில் 12.

வரவு 72, செலவு 72. வருடக் கணக்கில் ஒரு சதமும் கடன் தேவையில்லை. ஆனால் கட்டம் கட்டமாகக் கொட்டையை நகர்த்தினால், ஐப்பசி முதல் மாசி வரை மாதம் நாலு குறைந்து, அறுவடைக்கு முன் 20 கொட்டை, ஒரு இலட்சம் ரூபா, பள்ளம் விழுகிறது. கிழமைக் கடன் வீட்டுக்குள் வருவது இந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். வருடத்தில் இரண்டுதரம் காசு வரும் வீடு 52 தரம் கட்டவேண்டிய கடனை எடுக்கிறது. பள்ளத்தை நிரப்ப வேறு என்ன வழி என்று குழுக்களை யோசிக்க விடுங்கள்: பங்குனியில் எல்லா நெல்லையும் ஈரத்தோடு கொடுக்காமல் ஒரு பங்கைக் காயவைத்து வைத்திருப்பது, கூட்டுறவுச் சங்கத்தில் போகத்துக்கொருதரம் கட்டும் கடன், சின்ன அடைவு. ஒவ்வொன்றுக்கும் குறை உண்டு. நெல்லை வைத்திருக்க இடம் வேண்டும், எலி வேண்டாம். சரியான விடையை நீங்கள் சொல்லாதீர்கள்.

கரையோரப் பாடசாலை என்றால் வயலுக்குப் பதில் கடல் ஓயும் மாதங்களையும் சம்மாட்டியிடம் (படகு முதலாளியிடம்) வாங்கும் முற்பணத்தையும் போடுங்கள்.

சீட்டு

சீட்டைக் கெட்டது என்று சொல்லி ஆரம்பித்தால் வகுப்பு உங்களை நம்பாது. எல்லா வீட்டிலும் சீட்டு இருக்கிறது. பத்துப் பேர், ஆளுக்குப் பத்துக் கொட்டை, சுற்றுக்கு ஒன்று போடவேண்டும், குலுக்கலில் ஒருவர் பத்தையும் எடுப்பார். முதற்சுற்றில் எடுத்தவருக்கு மட்டும் தெரியும்படி ஒரு துண்டு கொடுங்கள்: "நாலாம் சுற்றிலிருந்து கட்டாதே." அவர் மூன்று கட்டி, பத்து எடுத்து, ஏழோடு போய்விடுவார். மிச்சம் ஏழு பேரும் ஒன்பதுதான் எடுப்பார்கள், அல்லது சீட்டை நடத்தும் தாச்சி தன் கையிலிருந்து ஏழு போடவேண்டும். சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்தோடே கேளுங்கள்: எழுத்தில் என்ன இருந்தது? யார் சாட்சி?

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. கடைசியாக எடுப்பவர் வட்டியில்லாமல் சேமித்தவர். விலைவாசி ஏறினால் அவருக்குத்தான் நட்டம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஒரு வருட விலையேற்றம் 69.8 சதவீதம். அந்த வருடம் கடைசிச் சீட்டு எடுத்தவர் அதே காசுக்கு எவ்வளவு சீனி வாங்கியிருப்பார் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

வங்கி, உண்டியல், அடைவு

வங்கி வேண்டாம் என்று படிப்பிப்பது நோக்கமல்ல. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. சீட்டுக்கும் கூட்டுறவுச் சங்க வைப்புக்கும் அது இல்லை.

பரிசுக்கு ஒரு கணக்கு. சிறுவர் கணக்கில் 10,000 ரூபா, 4 சதவீதம், கூடவே 1,500 ரூபாப் பெறுமதியான புத்தகப்பை. வேறோர் இடத்தில் 8 சதவீத நிலையான வைப்பு, பை இல்லை. இரண்டும் வகுப்புக்காகப் போட்ட வீதம். ஏழு வருடத்தில் முதலாவது 13,159, இரண்டாவது 17,138. வித்தியாசம் 3,979 ரூபா. பை அவ்வளவு பெறுமா? சில பிள்ளைகள் "பை இப்பவே வேணும்" என்பார்கள். பழைய பை கிழிந்த பிள்ளைக்கு அது நியாயமான விடைதான், விலை தெரிந்து எடுக்கிறார். சிறுவர் கணக்குகளில் பெரும்பாலும் 18 வயது வரை காசை எடுக்கமுடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடைவு ரசீதில் நாலு இடத்தைத் தொட்டுக் காட்டப் பழக்குங்கள்: நிறை, கரட், வட்டி மாதத்துக்கா வருடத்துக்கா, மீட்கவேண்டிய கடைசித் திகதி. கடைசித் திகதியைப் பார்க்காமல் விட்டுத்தான் நகை ஏலத்துக்குப் போகிறது.

லீசிங்கும் சம்பளத் துண்டும்

லீசிங்கில் சொல்லவேண்டியது சுருக்கம். கடைசித் தவணை கட்டும்வரை வாகனம் கம்பனியுடையது. தவணை தவறிக் கம்பனி வாகனத்தைச் சீஸ் பண்ணி (பறித்தெடுத்து) ஏலத்தில் விற்றாலும், விற்ற காசு போதாவிட்டால் மிச்சக் கடன் தலையிலேயே இருக்கும். நண்பனுக்குப் பிணை நிற்பவரின் பெயரும் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் வரும். அந்தப் பதிவில் தன்னைப்பற்றி என்ன இருக்கிறது என்று எவரும் கேட்டுப் பெறலாம்.

சம்பளத் துண்டுக்கு 30,000 ரூபாவை வைத்துச் செய்யுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம், 2,400 பிடிப்பார்கள். தொழில்தருநர் 12 சதவீதம், 3,600 போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், 900, அதுவும் தொழில்தருநரே. இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, பிள்ளைகள் 23 சதவீதத்தையும் சம்பளத்தில் கழித்துவிடுவது. சில வேலை தருபவர்களும் அதே பிழையைத் தெரிந்தே செய்வதுண்டு. கையில் வரவேண்டியது, வேறு பிடிப்பு இல்லாவிட்டால், 27,600.

ஆள் சேர்க்கும் காசு

ஆள் சேர்த்தால்தான் காசு வரும் பிரமிட் திட்டம் நடத்துவது வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம். அந்தப் பிரிவைவிட ஒரு கேள்வி வகுப்பில் நன்றாக வேலை செய்யும்: "புதிதாக ஆள் சேராவிட்டால் எனக்கு எங்கேயிருந்து காசு வரும்?" ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கவேண்டும் என்று வைத்து, 6, 36, 216 என்று எழுதிக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஒன்பதாம் படியில் ஒரு கோடியைத் தாண்டும், வன்னியில் அவ்வளவு சனம் இல்லை. டொலரில் இலாபம் தரும் செயலி, ஓடிபி இலக்கம் கேட்கும் அழைப்பு எல்லாவற்றையும் இதே பாடவேளையில் முடித்துவிடலாம். இவற்றின் பெயர்கள் மாதாமாதம் மாறும், பெயரைப் படிப்பித்துப் பயனில்லை.

நிறுவனம் வந்தே தீருவோம் என்றால்

மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தால் சிலவேளை மறுக்கமுடியாது. அப்போது எட்டுப் பாடவேளையும் முடிந்த பின்னர் வரச்சொல்லுங்கள். ஒன்று வந்தால் போட்டி நிறுவனம் ஒன்றும் அதே நாளில் வரட்டும். பிள்ளைகள் முன்கூட்டியே ஐந்து கேள்வி எழுதி வைத்திருக்கட்டும்: வருட வீதம் எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு, எல்லாமாகக் கட்டுவது எவ்வளவு, பிந்தினால் என்ன, இதனால் உங்களுக்கு என்ன வருமானம்? கடைசிக் கேள்விக்கு நேரே விடை சொல்லும் அலுவலரும் உண்டு, அவரை மறுவருடமும் அழைக்கலாம். வேறு கண் வேண்டுமென்றால் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்துக்கு வலயக் கல்விப் பணிமனை ஊடாக எழுதுங்கள். அவர்கள் எதையும் விற்பவர்கள் அல்லர்.

புள்ளி போடும் பரீட்சை வேண்டாம். முதல்நாள் ஒரு கடன் விளம்பரத்தைக் கொடுத்து இதே ஐந்து கேள்வியையும் எழுதச் சொல்லி, விடைத்தாளைக் கட்டி வையுங்கள். எட்டாம் நாள் அதே தாளைத் திரும்பக் கொடுங்கள். இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் பாதிப்பேர் பிழையாக எழுதினால் கிழமைக் கடன் பாடத்தை இன்னொருதரம் எடுக்கவேண்டும்.

எட்டாம் நாள் முடிந்து எல்லோரும் போனபிறகு ஒரு பிள்ளை பின்தங்கி நின்று, "சேர், இது எங்கட வீட்டு அட்டை" என்று நீட்டினால், கணக்கை மட்டும் சேர்ந்து செய்து காட்டுங்கள். கட்டு, கட்டாதே என்று சொல்லும் இடம் உங்களுடையதல்ல. தாயை வரச்சொல்லி, மாவட்டத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு வழிகாட்டுங்கள். உரிமம் பெற்ற நிறுவனம் என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குத் தமிழிலேயே முறைப்பாடு எழுதலாம். கடன் அட்டையின் பிரதி, கட்டிய பற்றுச்சீட்டுகள், முதலில் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதி மூன்றையும் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். மூலப் பத்திரங்களை எவரிடமும் கொடுக்கவேண்டாம்.